அண்ணனுக்கு ஒரு எஸ்டிமேட்

மோட்டார் ரிப்பேர் பட்டறையில் அவனை எல்லோரும் எஸ்டிமேட் என்றுதான் கூப்பிடுவார்கள். எரிந்துபோன மோட்டார் எது வந்தாலும் முதலில் அவன் மேஜைக்குத்தான் வரும். பழுது என்ன, செலவு எவ்வளவு, போன ரிப்பேர் எத்தனை நாள் ஓடியது, புதுசு என்ன விலை என்று மஞ்சள் பாரத்தில் நிரப்புவான். செலவு, புது விலையில் பாதியைத் தாண்டினால் கீழே ‘கண்டம்’, அதாவது இனி உதவாது, என்று எழுதுவான். மோட்டார் பழைய இரும்புக்குப் போய்விடும். இதையே ஒன்பது வருஷம் செய்தவன், செருப்பு அறுந்தால்கூட மனசுக்குள் பாதி விலை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தைக்கக் கொடுப்பான்.

அவன் அண்ணனுக்கு அதே பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் வேலை. கை நடுங்காத நாட்களில் அவரை அடிச்சுக்க ஆள் கிடையாது. அந்த நாட்கள்தான் மாசத்துக்கு மாசம் குறைந்துகொண்டு வந்தன.

ஒருநாள் காலையில் அண்ணி, குடியை நிறுத்தும் சிகிச்சை மையத்தின் கட்டணச் சீட்டைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். தொண்ணூறு நாள். மாடியில் கம்பிகளை நீட்டி விட்டிருந்த இடத்தில் ஒரு அறை கட்ட ஆறு வருஷமாகச் சேர்த்ததெல்லாம் அதோடு சரி. ஏற்கெனவே ஒரு தடவை சேர்த்து, திரும்பி வந்து, மறுபடி ஆரம்பித்தவர்தான். போதாக்குறைக்கு, வருகிறவரே கையெழுத்துப் போட்டால்தான் சேர்ப்பார்களாம். அண்ணனோ இரண்டு மாசமாக ‘பார்க்கலாம்’ என்பதைத் தாண்டவில்லை.

“எல்லாரும் மனசு என்ன சொல்லுதுன்னு கேளுன்றாங்க தம்பி. என் மனசு அலுத்துப்போச்சு. நீங்க கணக்குப் போட்டுச் சொல்லுங்க,” என்றாள்.

அவனுக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான். சாப்பாட்டு இடைவேளையில் மஞ்சள் பாரத்தை எடுத்தான். பொருள்: அண்ணன். பிரிவு: காயில். பழுது: குடி. செலவில் கட்டணத்தோடு மூன்று மாசச் சம்பளத்தையும் சேர்த்தான். போன ரிப்பேர் ஓடியது: நாலு மாசம். புதுசு விலை என்ற இடத்தில் பேனா நின்றது. ஒரு கோடு போட்டுவைத்தான். பாரத்தைப் பொறுத்தவரை கோடு என்றால் சைபர். சைபரில் பாதியை எந்தச் செலவும் தாண்டும். பழக்கதோஷத்தில் கை ‘கண்டம்’ என்று எழுதிவிட்டது.

கிழிக்கப் போனான். அதற்குள் முதலாளி கூப்பிட்டார். திரும்பி வந்தால் மேஜை காலி. பிரிவின் பெயரை மட்டும் படிக்கும் மேஸ்திரி, பாரத்தை எடுத்துப்போய்க் காயில் மேஜையில் வைத்துவிட்டிருந்தார்.

அங்கே போக அவனுக்குக் கால் வரவில்லை. நாலு மணிக்கு அண்ணனே வந்தார். கையில் மஞ்சள் பாரம். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்தார். மன்னிப்புக் கேட்க அவன் வாயைத் திறந்தான். அவர் கையைக் காட்டி அமர்த்தினார்.

“எஸ்டிமேட்ல ரெண்டு தப்பு இருக்குடா.”

நாலு மாசம் அடிக்கப்பட்டு, மேலே நூற்று முப்பத்தொரு நாள் என்று எழுதியிருந்தது. அவர் எண்ணியிருக்கிறார் என்பதே தம்பிக்குப் புதுச் செய்தி. புதுசு விலையில் அவன் போட்ட கோட்டின் மேல், ‘மார்க்கெட்டில் இல்லை’ என்றிருந்தது. கம்பெனி தயாரிப்பை நிறுத்திவிட்ட பழைய மாடல்களுக்குப் பட்டறையில் எழுதும் வார்த்தை அது. அதற்குப் பாதி விலைக் கணக்கு கிடையாது. என்ன செலவானாலும் ரிப்பேர்தான்.

கேரண்டி எத்தனை நாள் என்று கேட்டது தம்பியின் வாய்ப்பழக்கம்.

“எரிஞ்ச மோட்டாருக்கு எவன் தர்றான்?” என்றார் அண்ணன். “மறுபடி எரியலாம். அதையும் எழுதிட்டு உன் அண்ணிகிட்ட காட்டு.”

சாயங்காலம் அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு, பாரத்தை மேலிருந்து கீழே படித்தாள். ‘கண்டம்’ வந்த இடத்தில் கொழுந்தனை ஒரு பார்வை பார்த்தாள். அது தனிக் கணக்கு. பிறகு நூற்று முப்பத்தொன்றின் மேல் விரலை வைத்தாள்.

“இதைச் செலவுக்குக் கீழ எழுதியிருக்கீங்க தம்பி. அந்த நூத்து முப்பத்தொரு நாளும் அவர் எப்ப வருவார், எப்படி வருவார்னு வாசலைப் பாக்காம தூங்கினேன். அது வரவு இல்லையா?”

எழுத இடமில்லை. பாரத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினான்.

அண்ணன் பேனாவை வாங்கினார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மஞ்சள் பாரத்தைத் தள்ளிவிட்டு, மையத்தின் சீட்டில் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணல்மாணலாகத்தான் வந்தது.

அறை கட்டும்வரை மாடிக் கம்பிகள் துருப்பிடிக்காமல் இருக்க என்ன பூசலாம் என்று அண்ணி கேட்டாள். எஸ்டிமேட் தருவதாக அவன் சொன்னான். வேண்டாம் என்றுவிட்டாள்.