மாமியார் பெயரில் ஒரு மீன்

ஆழ்கடல் மீன் செத்தால் உடம்பு மக்கிப்போகும்; காதுக்குள் இருந்த கல் மட்டும் சேற்றில் தங்கி, சேறு பாறையானாலும் அதற்குள் அப்படியே கிடக்கும். அந்தச் செவிக்கல்லின் வடிவத்தை வைத்தே அது இன்ன மீன் என்று சொல்லிவிடலாம். ஓரகத்திகள் இருவருக்கும் ஒரே ஆய்வுக்கூடத்தில் அதுதான் வேலை.

மூத்தவள் போன வருடம் புது இனம் ஒன்றைக் கண்டுபிடித்து, அதற்கு மாமியாரின் பெயரை வைத்தாள். மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் கட்டுரையைச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டாள்.

இப்போது சங்கடம் இளையவளுக்கு. புதிதாகச் சலித்த மண்ணில் கிடைத்த கற்களைக் கறுப்புத் தட்டில் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினாள். கடுகளவு கல்லில் விளிம்பு வழுவழுவென்று இருந்தது. வளர வளர நெளிநெளியாக மாறியது. கடைசிக் கல், ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த பழைய லாந்தர் மீன். முதல் கல், மாமியார்!

'கடவுளே, உண்மையைச் சொல்ல வாயைக் கொடு. நோகாமல் சொல்லப் புத்தியையும் கொடு' என்று வேண்டிக்கொண்டாள்.

"அக்கா, டீ குடிச்சிட்டீங்களா?"

"நீ இப்படிக் கேட்டாலே ஏதோ ஆயிடுச்சுன்னு அர்த்தம். எதை உடைச்ச?"

"உடைக்கல. வரிசையா வச்சேன். பாருங்களேன்."

மூத்தவள் நுண்ணோக்கியில் குனிந்து, கற்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தாள்.

"அடப்பாவமே! குட்டி மீனுக்குத் தனிப் பேரா வச்சிருக்கேன்?"

"அப்போ உங்களுக்கு நடு சைஸ் கிடைக்கலையே அக்கா. திருத்தத்த நீங்களே எழுதுங்க. நான் யார்கிட்டயும் மூச்சு விடல."

மூத்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சேர்ந்தே எழுதுவோம். அது கிடக்கட்டும், அத்தைகிட்ட யாரு சொல்றது?"

"அதையும் சேர்ந்தேதான்!"

தவறைக் கண்டவள் அதை வைத்துக் குத்தாமல் இருந்தாலே போதும். தவறியவளுக்குப் பாதி பாரம் இறங்கிவிடுகிறது.

மாலையில் மாமியார் முழுவதையும் கேட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அப்போ அந்த மீனே இல்லையா?"

"மீன் இருக்கு அத்தை. பேருதான் செல்லாது. பெரிய மீனோட பழைய பேருதான் குட்டிக்கும்."

"பின்னே? தாயும் பிள்ளையும் வேற வேற மீனாகுமா? இதக்கூடப் பாக்காமலா பேர் வச்ச?"

மூத்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அட, இதுக்குப் போய் அழுவாங்களா? மறைக்காம வந்து சொன்னீங்களே, அது போதும் எனக்கு" என்ற மாமியார், அந்தச் சூட்டோடு தன் தங்கைக்குப் போன் போட்டாள்.

"உன் மருமக உனக்கு வாட்ச்தான் வாங்கிக் குடுத்தா. எனக்கு ஒருத்தி மீனே குடுத்தா, இன்னொருத்தி அது செல்லாதுன்னு நிரூபிச்சிட்டா! இதுல வேடிக்க என்னன்னா, ரெண்டு பேரும் இப்ப ஒரே தட்டுல சாப்பிட்டுக்கிட்டு இருக்காளுங்க!"