வளையாத கொக்கிப் பின்

வெல்டருக்கு மூக்கின்மேல் கோபம். அவர் செய்த வேலையில் யாராவது குறை கண்டுபிடித்துவிட்டால் போதும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பேசமாட்டார். சொந்தத் தங்கைக்கும் அதே கதிதான். ஜன்னல் கம்பி கோணல் என்று அவள் ஒருமுறை சொன்னதற்கு, அவள் வீட்டுப் பக்கம் ஐந்து மாதம் எட்டிப் பார்க்கவில்லை.

தங்கையும் அவள் கணவனும் ஒரு சின்ன டிராக்டரை வைத்துப் பிழைக்கிறவர்கள். மேட்டில் வீடு கட்டுகிறவர்களுக்கு ஜல்லி ஏற்றிப் போவது வேலை. ஓட்டுவது அவள். மேடு ஏறும்போது கணவன் கையில் மரக்கட்டையோடு டிரெய்லருக்குப் பின்னாலேயே நடப்பான். வண்டி திணறி நின்றால் சட்டென்று சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுக்க வேண்டும். தோட்டம் உழப் பிறந்த டிராக்டர் அது. அதன் தலையில் ஜல்லியைக் கட்டினால் சும்மா இருக்குமா? டிரெய்லரை மாட்டச் செருகுகிற இரும்பு முளை, அதாவது கொக்கிப் பின், மாதம் ஒருமுறை வில்லாக வளைந்தது.

"ஏண்ணா, இதுக்கு ஒரு முடிவே கிடையாதா?" என்று அவள் வளைந்ததைப் பட்டறை மேசைமேல் போட்டபோது வெல்டருக்குச் சுருக்கென்றது. பழைய லாரி ஆக்ஸிலைத் துண்டு போட்டு, இரண்டு நாள் கடைந்து, புதுசு செய்தார்.

"இந்தா. டிராக்டரே துருப்பிடிச்சுப் போனாலும் இது அப்படியே இருக்கும்."

சொன்னபடியே இருந்தது. நான்கு மாதத்தில் மயிரிழைகூட வளையவில்லை. பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி வெல்டருக்கு வாய் வலித்தது, கேட்டவர்களுக்குக் காது.

ஒரு திங்கட்கிழமை காலை, ஜல்லி ஏற்றிய வண்டியோடு பட்டறை முன்னால் வந்து நின்றாள் தங்கை, பின்னால் கட்டையோடு கணவன். மட்கார்டு ஆடுகிறதாம், கொஞ்சம் பற்றவைத்தால் போதுமாம். வெல்டர் தன் சாதனையைப் பார்க்கும் ஆசையில் நேரே கொக்கியிடம் போய்க் குனிந்தார்.

கொக்கிப் பின் நன்றாகத்தான் இருந்தது. அது நுழைகிற ஓட்டைதான் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. துணியால் கிரீஸைத் துடைத்தார். கொக்கித் தகட்டை டிராக்டரோடு பிடித்திருந்த நான்கு போல்ட்டுகளில் ஒன்றைக் காணோம். மற்ற மூன்றையும் சுற்றி, கியர்பாக்ஸ் கூட்டிலேயே தலைமுடி மாதிரி விரிசல் ஓடியது.

அவருக்கு இப்போதுதான் புரிந்தது. முன்பு அடியையெல்லாம் தன்மேல் வாங்கிக்கொண்டு வளைந்தது அந்த நோஞ்சான் பழைய பின்தான். அதை எடுத்துவிட்டு உலக்கை மாதிரி ஒன்றை இவர் செருகினார். அடி டிராக்டரின் உடம்புக்குப் போய்விட்டது. தகடு பிய்ந்தால் ஒரு டன் ஜல்லி மேட்டிலிருந்து உருளும். உருளுகிற வழியில் நிற்பது மாப்பிள்ளை.

"வண்டியை ஆஃப் பண்ணு. சாவியைக் குடு."

"என்னாச்சு? வெயிலுக்கு முன்னாடி மேடு ஏறணும்ணா."

"குடுன்னா குடு!"

அளவுக்கு மீறி ஏற்றினாய், போல்ட்டைப் பார்க்கவில்லை என்றெல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. அதில் பொய்யும் இல்லை. ஆனாலும் விழுங்கிக்கொண்டார்.

"தப்பு என்னுதுதான். பின்னை மட்டும் பாத்தேன், அது எங்க போய் மாட்டுதுன்னு பாக்கல. உன் புருஷனைக் கொல்ல இருந்தேன்."

மாப்பிள்ளை கட்டையை மெதுவாகக் கீழே வைத்தான். தங்கை மட்டும் ஆச்சரியப்படவில்லை. அதுதான் வெல்டரை உறுத்தியது.

"உனக்குத் தெரியுமா?"

"விரிசல் தெரியாது. மேட்டுல டக்கு டக்குனு ஒரு சத்தம். ரெண்டு மாசமா கேக்குது."

"ரெண்டு மாசமாவா? ஏன் வாயைத் திறக்கல?"

"எல்லார்கிட்டயும் அவ்வளவு பெருமையா சொல்லிட்டிருந்தே. எப்படிண்ணா சொல்றது? சொன்னா பேசமாட்டே. அம்மாவும் போயாச்சு. எனக்குன்னு இருக்கறது நீ ஒருத்தன்தானே."

வெல்டர் அழுதார். மறைக்கக்கூடத் தோன்றவில்லை. பிறகு ஒரு ஸ்டூலை இழுத்து அவள் முன்னால் போட்டார்.

"உக்காரு. நான் செஞ்சு குடுத்ததுல எதெது சரியில்லன்னு சொல்லு. ஒண்ணு விடாம."

"கோச்சுக்கமாட்டியே?"

"கோச்சுக்குவேன். நீ சொல்லு."

அவள் கணவனைப் பார்த்தாள். பிறகு விரல் மடக்க ஆரம்பித்தாள். மாடிப்படியில் மூன்றாவது படி ஆடுகிறது. தொட்டி மூடி சரியாக உட்காரவில்லை. கட்டிலுக்கு ஒரு கால் குட்டை. இடது கை விரல்கள் தீர்ந்து வலது கைக்குப் போனபோது, மாப்பிள்ளை தைரியம் வந்து, "அந்த பீரோ கதவு?" என்று எடுத்துக் கொடுத்தான். வெல்டரின் முகம் சிவந்துகொண்டே போனது. ஆனால் அவர் எழுந்து போகவில்லை.