மூடிச் சத்தம்

இறந்துபோன அம்மாவின் விறைத்த தோளில் நீலச் சேலையின் முந்தானையைத் தாமரை செருகிக்கொண்டிருந்தபோது, அடுத்த வீட்டுப் பவுனம்மாள் சிவப்புச் சேலையோடு வந்தார்.

"அத அவுத்துட்டு இதக் கட்டும்மா. புருஷன் இருக்கிற பொம்பள, சுமங்கலியாத்தான் போகணும்."

"எந்தப் புருஷன் ஆன்டி? நீங்கள்லாம் சேந்து வெரட்டி விட்டீங்களே, அந்தாளா?"

பவுனம்மாள் குங்குமச் சிமிழைத் தலைமாட்டில் வைத்தார்.

மலேசியாவில், கிள்ளானின் இந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் நாலாம் மாடியில் அம்மா தனலெட்சுமியை இத்தனை வருஷம் காப்பாற்றியது போலீசும் இல்லை, கோயில் கமிட்டியும் இல்லை, சட்டி மூடிகள். ஆரம்பித்துவைத்தவள் மேல்மாடி காக் மிலா, மலாயில் மிலா அக்கா. கேரித்தீவுப் பூர்வகுடிப் பெண். புருஷனிடம் அடிவாங்கிப் பிள்ளைகளோடு ஓடிவந்தவள். எந்த வீட்டில் அலறல் கேட்டாலும் வாசல் கம்பியில் மூடியால் அடிப்பாள். உடனே எல்லாக் கதவுகளும் திறக்கும். அடிக்கிறவன் கை ஓயும்வரை பெண்கள் மூடியும் கரண்டியுமாக நின்று தட்டுவார்கள். அப்படித்தான் ஒருநாள் அம்மாவின் புருஷன் சுகுமாறன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு லிப்டில் இறங்கிப் போனான். பிறகு சனிக்கிழமைதோறும் பவுனம்மாள் வீட்டில் கூடிப் பேசினார்கள், அழுதார்கள், வறுத்த மீகோரேங் நூடுல்ஸ் சாப்பிட்டார்கள். அம்மா மறுபடி சிரிக்கப் பழகியது அங்கேதான். தாமரை பட்டம் வாங்கியதும் அந்த வீட்டுச் சோற்றில்தான்.

ஆஸ்பத்திரியில் அம்மா கடைசியாகச் சொன்னதும் பவுனம்மாளிடமும் காக் மிலாவிடமும்தான். "அந்தாளு கை எம்மேல படக்கூடாது." பவுனம்மாள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார்.

லிப்ட் திறந்தது. வெள்ளைச் சட்டையும் திருநீறுமாகச் சுகுமாறன்.

"யாரு சொன்னா இவருக்கு?"

"நாந்தாம்மா போன் பண்ணேன்," என்றார் பவுனம்மாள். "கோவிச்சுக்காத. நாளைக்கு ஊரு என்னா பேசும்? ஒரு பொட்டுதான்லா."

"அம்மா ஒங்ககிட்டதானே சொன்னாங்க?"

"அது உயிரோட இருந்தப்ப சொன்னது."

"நீங்க போன் பண்ணது காக் மிலாவுக்குத் தெரியுமா?"

"அவளுக்கு நம்ம சடங்கு என்னா தெரியும்?"

காக் மிலா காலையிலேயே வந்து அழுதுவிட்டு, வருகிறவர்களுக்குத் தேநீர் போட மேலே போயிருந்தாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த சனிக்கிழமைப் பெண்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருத்திகூடத் தாமரையின் முகத்தைப் பார்க்கவில்லை.

சுகுமாறன் மண்டியிட்டான். கட்டைவிரலால் குங்குமத்தைத் தொட்டான். அம்மாவின் நெற்றியில், பொட்டு வைக்கும் இடத்துக்குச் சற்று மேலே, அவன் போட்ட தழும்பு இருந்தது.

தாமரை எழுந்து அடுப்படிக்குப் போனாள். குழம்புச் சட்டியின் மூடியை எடுத்து வந்து வாசல் கம்பியில் ஓங்கி அடித்தாள்.

உள்ளே சுகுமாறனின் கை, பழைய பழக்கத்தில், அந்தரத்தில் நின்றது.

"தாமர! சாவு வீடும்மா!"

மறுபடி அடித்தாள். மறுபடியும்.

மேல்மாடியில் ஒரு கதவு திறந்தது. காக் மிலாவின் மூடி பதிலுக்குத் தட்டியது.

நாலாம் மாடியில் எல்லாக் கதவுகளும் சாவுக்காக ஏற்கெனவே திறந்துதான் இருந்தன; மூடியோடு ஒருத்தியும் வரவில்லை.