ரீஸ்டார்ட் பண்ணுங்க

பிரபாகருக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லாமல் போய் நான்கு வருடங்களாகின்றன. வாரத்தில் ஐந்து நாள் சிங்கப்பூரின் புக்கிட் மேராவில் ஓர் அலுவலகத்தில் புரோகிராம் எழுதுகிறவன். ஆறாம் நாளையும் பல வாரங்களில் அந்த அலுவலகமே விழுங்கிவிடும். ஏழாம் நாள், ஊரிலுள்ள அத்தனை பேருடைய லேப்டாப்பும் அவன் தலையில்தான் விடியும்.

குற்றம் அவனுடையதுதான். யாரும் அவன் கையைப் பிடித்து இழுக்கவில்லை. ஆர்வக்கோளாறில் அவனே ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, காலையில் வீட்டருகே பாசிர் ரிஸ்ஸில் ரயில் ஏறியதும் தினம் ஒரு குறிப்பு போட ஆரம்பித்தான். பாஸ்வேர்டை எழுதித் திரையில் ஒட்டி வைக்காதீர்கள். பிரிண்டர் மக்கர் பண்ணினால் முதலில் பேப்பர் இருக்கிறதா என்று பாருங்கள். நாற்பது டேப்களைத் திறந்து வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் ஆமையாக நகர்கிறது என்று அழாதீர்கள். குழுவில் இருநூறு பேர் சேர்ந்தார்கள். பாதிப் பேர் கப்பல் பட்டறையிலும் கட்டுமானத்திலும் உழைப்பவர்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் கைகூப்பும் படம் வந்து குவிந்தது. படித்தார்களா என்பது வேறு விஷயம். படித்திருந்தால் பேப்பர் இல்லாத பிரிண்டருக்காக அவனை எதற்குக் கூப்பிடுகிறார்கள்?

ஆரம்பத்தில் ஒவ்வொருவரிடமும் பொறுமையாக விசாரித்துக்கொண்டிருந்தான். பிறகு பொறுமை தேய்ந்தது. இப்போதெல்லாம் எது கெட்டாலும் ஒரே மருந்துதான்: ரீஸ்டார்ட் பண்ணுங்க. பத்தில் எட்டு அதிலேயே சரியாகியும் தொலைத்தது. அந்தத் தைரியத்தில் மீதி இரண்டைப் பற்றி அவன் யோசிப்பதை விட்டுவிட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தான். ஒன்று இருபதுக்குப் போன் அடித்தது. அகிலன். கப்பல் பட்டறையில் வெல்டர், ஜாலான் புசாரில் ஓர் இரும்புக்கடைக்கு மேலே ஐந்து பேரோடு அறையில் இருப்பவன்.

"அண்ணே, தொந்தரவு பண்றேன். லேப்டாப்ல கேமரா வரமாட்டேங்குது. கருப்பாவே இருக்கு."

பிரபாகர் வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டான். "ரீஸ்டார்ட் பண்ணுங்க, அகிலன்."

"இல்லண்ணே, வந்து..." என்று அந்தப் பக்கம் ஓர் இழுப்பு. "சரிங்கண்ணே" என்றான் அகிலன்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பிரபாகர் கண்ணை மூடினான். ஒன்றே முக்காலுக்கு மறுபடியும் அடித்தது.

"அண்ணே, நீல கலர்ல வந்து நிக்குது. அப்டேட் ஆவுதாம், பன்னண்டு சதவீதம். ஆஃப் பண்ணாதன்னு போட்டிருக்கு. எவ்வளவு நேரம்ணே ஆகும்?"

"ஒரு மணி நேரம்கூட ஆகலாம். ஏன், அவசரமா?"

"ரெண்டு மணிக்கு எக்ஸாம்ணே. அந்த சூப்பர்வைசர் எக்ஸாம்."

பிரபாகர் எழுந்து உட்கார்ந்தான். தூக்கம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அந்தப் பரீட்சையைப் பற்றி அகிலன் முன்பே சொல்லியிருக்கிறான். சான்றிதழ் வாங்கினால்தான் கம்பெனி அவனை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளும். மாதக் கடைசிக்குள் காட்ட வேண்டும். இதற்காகவே தேக்கா கடைத்தெருவில் ஒரு பழைய லேப்டாப் வாங்கியிருந்தான். கேமரா முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும், போனில் எழுத விடமாட்டார்கள், இரண்டே காலுக்கு மேல் உள்ளே சேர்க்கவும் மாட்டார்கள்.

"அங்க வேற யார்கிட்டயாவது லேப்டாப் இருக்கா?"

"இல்லண்ணே."

"இருங்க, நான் என்னுதை எடுத்துட்டு வரேன்."

அவன் மனைவி வித்யா இங்கேயே பிறந்து வளர்ந்தவள். செருப்பை மாட்டும்போதே சொல்லிவிட்டாள்: "எம்ஆர்டி ரயில்ல போனா செத்தீங்க லா. டாக்ஸி புக் பண்ணிட்டேன், கீழ போங்க."

டாக்ஸி விரைவுச்சாலையில் பறக்கத்தான் செய்தது. ஜாலான் புசார் வந்ததும் சிவப்பு விளக்கு ஒவ்வொன்றும் நிறுத்தியது. மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பிரபாகர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான். இரண்டு பத்து. இரண்டு பதினைந்து. இறங்கும்போது இரண்டு இருபத்தொன்று.

இரும்புக்கடை வாசலில், ஐந்தடி நடைபாதையில், அகிலனுடைய அறைக்காரர்கள் ஐந்து பேரும் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். வாரத்தில் ஒரே ஓய்வு நாள், மேலே மின்விசிறி இருக்கிறது, இவர்கள் இந்தப் புழுக்கத்தில் கீழே.

"மெதுவா போங்கண்ணே" என்றார் அவர்களில் மூத்தவரான வடிவேலு, குரலை அடக்கி. "அகிலன் எக்ஸாம் எழுதுறான். சத்தம் கேட்கக் கூடாதாம்."

 பிரபாகர் லேப்டாப்பை அணைத்துக்கொண்டு படியேறினான்.

அகிலன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், மடக்கு மேசைக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். திரையில் எழுபத்தொரு சதவீதம். போனை நீட்டிக் காட்டினான். நேரம் முடிந்தது, அடுத்த தேர்வு நான்கு மாதம் கழித்து என்று பயிற்சி நிலையத்திலிருந்து செய்தி வந்திருந்தது.

இருவரும் அந்த நீலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நூறு சதவீதம் ஆகி லேப்டாப் உயிர் பெற்றதும் பிரபாகர் கேமராவைத் திறந்தான். கருப்பு. குனிந்து திரையின் மேல் விளிம்பைப் பார்த்தான். கேமராவின் கண்ணுக்கு மேல் அரிசி அளவில் ஒரு பிளாஸ்டிக் மூடி. பழைய சொந்தக்காரர் யாரோ மூடி வைத்தது அப்படியே இருந்தது.

அப்டேட் ஆனதும் சரியாகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அகிலன் நம்புவான், இருநூறு பேரும் நம்புவார்கள். சொல்லவும் வாய் வந்தது. ஆனால் அந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்துக்கொண்டு அவனால் முடியவில்லை. நகத்தால் மூடியைத் தள்ளினான். திரையில் அகிலனுடைய முகம் வந்தது.

"மூடி மூடியிருந்திருக்கு, அகிலன். என்ன ஏதுன்னு நான் ரெண்டு வார்த்தை கேட்டிருந்தா அப்பவே சரியாகியிருக்கும். கேட்கல. தப்பு என்னுது."

அகிலன் தன் தடித்த விரலால் அந்த மூடியை ஒருமுறை மூடினான், திறந்தான்.

"எக்ஸாம்னு சொல்லலாம்னுதாண்ணே இருந்தேன். நீங்க கொட்டாவி விட்டது கேட்டுச்சு. பாவம், வாரம் பூரா உழைக்கிறவரு, தூங்கட்டும்னு விட்டுட்டேன்."

நாலு அறை விட்டிருந்தால்கூடப் பிரபாகர் தாங்கியிருப்பான். திட்டு வாங்கத் தயாராகத்தான் படியேறியிருந்தான். 

பேச்சுச் சத்தம் கேட்டு ஐந்து பேரும் மேலே வந்துவிட்டார்கள். வடிவேலு கையில் குளிர்ந்த மைலோ டின்கள்.

"முடிஞ்சிருச்சா? எப்படி எழுதுன?"

"எழுத முடியலண்ணே. லேப்டாப் படுத்துருச்சு" என்றான் அகிலன். "பிரபாகர் அண்ணன் பாசிர் ரிஸ்லேர்ந்து ஓடி வந்தாரு, பாவம். அப்பவும் முடியல."

 வடிவேலு அகிலனுடைய தோளில் கை வைத்தார். பிறகு முதல் டின்னைத் திறந்து பிரபாகரிடம் நீட்டினார்.

"லேப்டாப் இல்லண்ணே" என்றான் பிரபாகர். "என்னாலதான் போச்சு. நான் சொன்னதைக் கேட்டுத்தான் இவர் எக்ஸாம் போச்சு."

வடிவேலு அவனை மரியாதையோடு பார்த்தார்.

"பாத்தீங்களாடா? மிஷின் செஞ்ச தப்பைக்கூடத் தன் மேல போட்டுக்கிறாரு. பெரிய மனசு." டின்னை அவன் கையில் திணித்தார். "குடிங்கண்ணே. வேர்த்து ஊத்துது உங்களுக்கு."