அவர் வைத்த வெளிச்சம்

லேப்டாப்பின் பவர் பட்டனை அழுத்தியதும் உள்ளே விசிறி சுற்றத் தொடங்கியது. திரை ஒரு கணம் வெளுத்து, தயாரித்த கம்பெனியின் பெயரைக் காட்டிவிட்டு இருண்டது.

"டிஸ்ப்ளே காலி, தங்கச்சி," என்றார் என் கணவரின் டீம் லீடர். இவரை அவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவார். அதனால் நான் தங்கச்சி. இவர் சாவுக்கு வந்தபோது வாசலோடு நின்று போனவர், இப்போது உள்ளே வந்து இவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"காலியாகல. டார்ச் அடிச்சுப் பாருங்க."

செல்போன் விளக்கைத் திரையின்மேல் சாய்த்துப் பிடித்தார். கறுப்புக்குள் கடவுச்சொல் கேட்கும் கட்டம் மங்கலாகத் தெரிந்தது. இவர் போன பிறகு நான் அப்படித்தான் அதைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அட, பின்னாடி எரியற பேக்லைட் மட்டும்தான் இறங்கியிருக்கு. லினக்ஸ் சிஸ்டம்னாலே இப்படித்தான். ஸ்டார்ட் ஆகும்போது ஒரு மூட், ஆனப்புறம் ஒரு மூட். நம்ம மாப்ள மாதிரி." சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

இவர் கடைசியாகச் செய்த வேலை அந்த லேப்டாப்பில்தான் இருந்தது. அலுவலகத்துக்கு அது வேண்டும். எனக்கு வேண்டியது ஒன்றுதான், அதை வாசலிலேயே சொல்லியிருந்தேன்: "வேண்டியதைக் காப்பி பண்ணிக்குங்க. வேற எதையும் மாத்தாதீங்க. அவர் விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கட்டும்." தொடவே மாட்டேன் என்றார்.

கடவுச்சொல்லை நான் அடித்துக் கொடுத்தேன். விசையைத் தட்டி வெளிச்சத்தை ஏற்றிக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். காபி போட்டுத் தரக் கூடாது என்ற முடிவோடு நான் சமையலறையில் நின்று, துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தேன். ஃபைல்களெல்லாம் காப்பி ஆகி முடிந்த பிறகாவது அவர் கிளம்பியிருக்கலாம். ஆனால் இந்தத் தொழில்காரர்களுக்கு ஒரு வியாதி; கோளாறு என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் கை சும்மா இருக்காது. அணைத்துப் போடும் சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டது. டிஸ்ப்ளே டிரைவர் சாஃப்ட்வேரைத் திட்டினார். ஏதேதோ தட்டினார். பிறகு ஒரு கூச்சல்.

"புடிச்சுட்டேன் தங்கச்சி! கோளாறே இல்ல. எவனோ வேணும்னே ஒரு புரோகிராம் ஸ்கிரிப்ட் எழுதி வச்சிருக்கான். ஆன் ஆனதும் வெளிச்சத்தை அடியோட இறக்கிவிடுது. தூக்கிட்டேன்."

"எவனோ இல்ல. அவர்தான்."

தலைக்குள் வளர்ந்த கட்டி கண் நரம்பை அழுத்தத் தொடங்கிய பிறகு, வெள்ளைத் திரை இவருக்கு ஊசியாகக் குத்தியது. ஆன் செய்ததும் வரும் அந்தச் சில நொடிகள்தான் பெரும்பாடு. விசையைத் தேடிக் குறைப்பதற்குள் வாந்தி வந்துவிடும். ஒருநாள் அறையைச் சாத்திக்கொண்டு, கூட்டியும் குறைத்தும் பார்த்து, தன்னால் தாங்க முடிகிற ஓர் அளவைக் கண்டுபிடித்து எழுதி வைத்தார். வெளியே வந்தபோது பரீட்சையில் தேறிய பிள்ளையைப் போல இருந்தது முகம். அன்றைக்குத்தான் லீவு கேட்டு டீம் லீடருக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "எங்களுக்கு மட்டும் கண்ணு வலிக்காதா மாப்ள? கூலிங் கிளாஸ் மாட்டிக்கிட்டாவது முடிச்சுக் குடுத்துடு." இவரும் சேர்ந்து சிரித்தார். முடித்தும் வைத்தார்.

"குப்பைத்தொட்டியில இருக்கும்ல? எடுத்து வைங்க."

"டெர்மினல்ல கமாண்ட் அடிச்சு அழிச்சா அதுக்கெல்லாம் போகாது தங்கச்சி. இப்பவே எழுதித் தர்றேன், ரெண்டே வரி."

"வெளிச்சம் எவ்வளவு வச்சிருந்தார்?"

எண்ணைப் பார்க்காமலே அழித்திருந்தார். "இனிமே எதுக்கு அது..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"குறைங்க. நான் சொல்றேன்."

விசையைத் தட்டினார். "இவ்வளவா?"

"குறைங்க."

வெள்ளை சாம்பலானது. சாம்பல் அழுக்கானது. அவர் மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்திருந்தார்.

"எனக்கு எழுத்தே தெரியல தங்கச்சி."

"அவருக்குத் தெரிஞ்சுது. குறைங்க."

இன்னொரு முறை தட்டினார். எழுத்தெல்லாம் போய், கறுப்புக் கண்ணாடியில் அவர் முகம் வந்தது. தோளுக்குப் பின்னால் என்னுடையதும். விரலை விசையிலிருந்து எடுக்காமல், அதற்குள்ளிருந்தே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.