நடுக்கம் தராத மாத்திரை

1

இது நான் கற்பனை செய்த கதை அல்ல. சிங்கப்பூர் டன்லப் ஸ்திரீட்டில் தையற்கடை வைத்திருந்த நூருன்னிசா சொன்னது. சொல்வதற்கு முன் தன் தோழி சிவகாமசுந்தரியிடம் சம்மதம் கேட்டுக்கொண்டார். சம்மதம் வரும்வரை எனக்கு வேறு எதுவும் எழுத ஓடவில்லை.

2

'1962. ராபிள்ஸ் பிளேஸின் மேல் கருமேகங்கள் திரண்டு—'

(வேண்டாம். மனச்சோர்வைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே வானம் இருட்டிவிடுகிறது. அன்று நல்ல வெயிலாம்.)

சிவகாமசுந்தரி ராபிள்ஸ் பிளேஸில் ஒரு பங்குத் தரகரிடம் டைப்பிஸ்ட். அந்த வாரம் அவள் அடித்த அறிக்கை ஒரு வெளிநாட்டு மருந்து கம்பெனியைப் பற்றியது. மனச்சோர்வுக்குப் புது மாத்திரை; பழையதைப்போல வாய் வறளாது, கை நடுங்காது; பங்கு வாங்க இதுவே நேரம். தரகரின் மனைவி ரவிக்கை தைக்க வந்தபோது அந்தச் செய்தி நூருன்னிசாவின் காதுக்கும் எட்டியது. அவர் கணவரை இழந்தவர். பெரிய கடை பிடிக்கச் சேர்த்த பணம் கையில் இருந்தது.

சனிக்கிழமை சிவகாமசுந்தரி அளவு கொடுக்க வந்தாள். மறுவாரம் அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

"அந்தக் கம்பெனில பணம் போடலாமா, சிவகாமி? நீதானே டைப் அடிச்சே."

"எனக்கென்னக்கா தெரியும்?"

"கை நடுங்காதாம்லா. நெசந்தானா?"

3

என் முதல் பிரதியில் அவள் "தெரியாது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். யாரும் அப்படித்தான் செய்வார்கள். விஷயம் வெளியே தெரிந்தால் சம்பந்தமும் போகும், வேலையும் போகும்.

ஆனால் கேட்டது நூருன்னிசா. போடப்போவது அவருடைய பணம்.

"நெசந்தான்க்கா. நான் அதைத்தான் சாப்பிடுறேன்."

அளவு நாடா அவள் தோளிலேயே நின்றது.

"பழைய மாத்திரைல கை நடுங்கி, ஒரே கடுதாசியை மூணு தடவை அடிப்பேன். டாக்டர்* புதுசு குடுத்தார். இப்ப நடுங்கல. காலைல எழுந்திருக்க மனசு வருது. சில நாள் வரல. எல்லாருக்கும் கேக்குமா, கம்பெனி நிக்குமா, எனக்குத் தெரியாது."

நூருன்னிசா பிறகு பங்கைப் பற்றிக் கேட்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்கு யார் கூட வர்றாங்க?"

"யாருமில்லக்கா. ஆபீசுல பல்லு வலினு சொல்லிட்டுப் போவேன்."

"அடுத்து எப்ப?"

"வியாழக்கிழமை."

"கடையைச் சாத்திட்டு நானும் வர்றேன்."

* பெயர் கேட்டேன். சொல்லவில்லை. நானும் வைக்கவில்லை.

4

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் பங்கு விலை ஏறி நூருன்னிசா பெரிய கடை பிடிக்கிறார். இன்னொன்றில் எல்லாம் கரைந்து, இருவரும் முகம் பார்க்காமல்—

நிறுத்திவிட்டு அவரிடமே கேட்டேன்: "வாங்குனீங்களா?"

"அது கெடக்கட்டும். ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்திருந்தோம். நம்பர் கூப்பிட நேரமாச்சு. அந்தப் புள்ள என் தோள்ல சாஞ்சு தூங்கிருச்சு. அசைஞ்சா முழிச்சுக்கும்னு அப்படியே இருந்தேன்."

பங்கு ஏறியதா, இறங்கியதா, பெண் பார்க்க வந்தவர்கள் என்ன சொன்னார்கள், எல்லாவற்றுக்கும் ஒரு முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எதை வைத்தாலும் கொஞ்சம் மெதுவாக வையுங்கள். அவள் இன்னும் தூங்குகிறாள்.