மூணு பங்கு கொய்னா

உக்கிரபாண்டி என்று பெயர் வைத்தவர்கள், அவன் நாற்பத்தாறு வயதில் ஒரு நர்சம்மாவுக்குப் பயந்து தெரு மாறி நடப்பான் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். விடிந்ததும் பதினாலு பெண்களை ஜீப்பில் அடைத்து, போடியிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவும் ஏறி, மலைமுகட்டு மெட்டுக்கு அப்பால் ஏலத்தோட்டத்தில் இறக்கிவிடுவது அவன் சோலி. அந்த வளைவுகளில் அவனுக்குப் பயமில்லை. பயமெல்லாம் ஆஸ்பத்திரியில்தான்.

சித்திரையில் மச்சினன் வீட்டு விசேஷத்துக்குச் சென்னை போனவன், மொய் செய்துவிட்டு மலேரியா வாங்கி வந்தான். அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்து மாத்திரை கொடுத்த நர்சம்மா, "காச்சல் விட்டாலும் பதினாலு நாளும் முழுங்கணும்" என்றார். மூணாம் நாள் காய்ச்சல் விட்டது. மாத்திரையை இவன் விட்டான்.

ஆவணியில் காய்ச்சல் திரும்பி வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள், மத்தியானம் மூணு மணிக்கு, பல்லெல்லாம் கிட்டித்துப்போகும் குளிர். மறுபடி போனால், மீதி மாத்திரை என்னாச்சு என்று நர்சம்மா கேட்பார். அந்தக் கேள்விக்கு மூஞ்சியைக் கொடுக்க முடியாமல், தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கிற சோணையிடம் போனான்.

"இதுக்கா நடுங்குறீக? ஏலக்கா ஸ்டோருக்குப் பின்னால நாலு கொய்னா மரம் நிக்குதுல்ல, வெள்ளக்காரன் வச்சது. அது பட்டைய அவிச்சுக் குடிச்சா காச்சப் பூச்சி ஓடிரும்ணே" என்றான் சோணை.

"பூச்சி ஓடுமா, நான் ஓடுவனா?"

"வெள்ளக்காரனே இந்தக் கசப்ப முழுங்கித்தான் இந்த மலையில குடியிருந்தான். இல்லாட்டி மூட்டையக் கட்டியிருப்பான்."

சோணை சொன்னது பொய்யில்லை. கடலுக்கு அப்பால், தென்னமெரிக்க மலைக்காட்டில் பிறந்த மரம் அது. பாதிரிமார் அதன் பட்டையை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு வெள்ளைக்காரன் கன்றைக் கப்பலேற்றி நீலகிரியில் நட்டான். பட்டையிலிருந்து எடுத்த குவினைன் தூளைத் தபாலாபீசில் காலணாவுக்குப் பொட்டலமாக விற்றான். பிற்பாடு மாத்திரைகள் வந்தன, மரத்தை ஜனம் மறந்தது. ஏலச்செடிக்கு நிழல் கொடுக்கிறதே என்றுதான் இந்த நாலையும் வெட்டாமல் விட்டிருந்தார்கள்.

எவ்வளவு போடுவது என்பதில்தான் வினை வந்தது. ஏலக்காட்டில் ஒரு பழக்கம் உண்டு. பூச்சிமருந்து டப்பாவில் ஒரு மூடி என்று எழுதியிருந்தால் மூணு மூடி ஊற்றுவார்கள். ஒரு மூடி என்பது கம்பெனிக்காரன் பயந்துபோய் எழுதியது என்பது அவர்கள் கணக்கு.

"எங்க மாமன் ரெண்டு விரக்கட அகலத்துக்குப் பட்டை போடுவாரு. நம்ம மூணு பங்கு போட்டுருவோம். காதுக்குள்ள வண்டு ஊதும், பயந்துராதீக. ஊதுச்சுன்னா மருந்து புடிச்சிருச்சுன்னு அர்த்தம்."

அந்தக் காலத்து டாக்டர்கள் சிலரும் காது இரைகிறவரை கொடுத்துப் பார்த்தவர்கள்தான். இரைந்ததும் குறைத்துவிடுவார்கள். அந்தப் பாதி சோணையின் மாமன் வரை வந்து சேரவில்லை.

ரெண்டாம் நாள் வண்டு ஊதியது. உக்கிரபாண்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னொரு டம்ளர் குடித்தான். காய்ச்சல் நின்றது. வண்டு நிற்கவில்லை. நாலாம் நாள் பெண்களின் பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. ஆறாம் நாள் கிணற்றையும் மூடிவிட்டார்கள். காதோரம் வந்து கத்தினால் மட்டும் ஏதோ விழுந்தது.

வெளியே சொன்னால் ஜீப்பு போகும், ஜீப்பு போனால் சோறு போகும். ஆகவே யாரையும் பேசவிடாமல் தானே பேசுவது என்று முடிவு செய்தான். அடிவாரத்து முந்தல் தாண்டுவதற்குள் நாலு கதை சொல்வான். கண்ணாடியில் பெண்களின் பல் தெரிந்தால் தானும் சிரிப்பான். மேலே மூடுபனிதான் பெரிய பாடு. வளைவுக்கு முன்னால் நின்று ரெண்டு ஹாரன் அடிக்க வேண்டும். எதிரே வண்டி இருந்தால் பதில் ஹாரன் வரும். வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். அதற்கும் ஒரு குறுக்குவழி வைத்திருந்தான். பக்கத்தில் உட்காரும் முத்துப்பிரியா பதில் ஹாரன் கேட்டால் தன்னையறியாமல் சீட்டில் சாய்ந்து கம்பியைப் பிடிப்பாள். அவள் கை கம்பிக்குப் போனால் இவன் கால் பிரேக்குக்குப் போகும். தன் மூளையை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது.

எட்டாம் நாள் பன்னிரண்டாவது வளைவில் முன்சக்கரத்துக்கு அப்பால் உலகமே இல்லை. பால் கொட்டிய மாதிரி வெள்ளை. ரெண்டு ஹாரன் அடித்தான். முத்துப்பிரியாவின் கை மடியிலேயே இருந்தது. பாதை காலி என்று கியரைப் போட்டுத் திருப்பினான். பாதி வளைவில்தான் பார்த்தான். அவள் தலை ஒரு பக்கமாகத் தொங்கியிருந்தது. தூங்கிக்கொண்டிருந்தாள்.

பனிக்குள் ரெண்டு மஞ்சள் புள்ளி. அவை புள்ளியாக இருந்ததும் லாரியாக ஆனதும் ஒரே கணம். ஸ்டீரிங்கை மலைப்பக்கம் ஒடித்தான். ஓரக்கண்ணாடி பெயர்ந்து பறந்தது. லாரியின் பக்கப்பலகை அவன் முழங்கையை உரசாத குறையாகப் போய்க்கொண்டே இருந்தது. இத்தனையும் ஒரு சத்தமில்லாமல் நடந்தது. வண்டு மட்டும் நிதானமாக ஊதிக்கொண்டிருந்தது.

ஜீப்பு பாறையில் மூக்கை வைத்து நின்றது. திரும்பிப் பார்த்தான். பதினாலு வாயும் திறந்திருந்தன.

முத்துப்பிரியா அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். காதருகே குனிந்து அடித்தொண்டையில் கத்தினாள்.

"அந்த லாரிக்காரன் அந்த அலறு அலறுறான்! ஒறக்கத்துல இருந்த எனக்கே கேட்டுச்சு! ஒனக்குக் கேக்கலயாண்ணே?"

ஒரு வேடிக்கைப் பதில் நாக்கு நுனி வரை வந்தது. பின்சீட்டில் ஒருத்தி தூக்குச்சட்டியை நெஞ்சோடு அணைத்து நடுங்கிக்கொண்டிருந்தாள். பதில் உள்ளேயே செத்துப்போனது.

"கேக்கல, ஆத்தா. மூணு நாளா எதுவும் கேக்கல."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு சாவியை உருவி இடுப்பில் செருகினாள். ஒவ்வொரு சொல்லாக, அவன் தன் வாயைப் பார்க்கும்படி நிறுத்தி நிறுத்திக் கத்தினாள்.

"நாங்க நடந்து போறோம். சிக்னல் கெடச்சா மொதலாளிட்டச் சொல்லி வேற டிரைவர வரச் சொல்றேன். நீ போடிக்கு எறங்குற பஸ்சுல ஏறி ஆஸ்பத்திரிக்குப் போ."

"அந்த நர்சம்மா திட்டும், தாயி."

"திட்டுறது கேட்டுச்சுன்னா கும்புட்டு வாங்கிக்க!"

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் வண்டியை விட்டு இறங்கினான்.

பெண்கள் இறங்கி மலையோரமாக ஒருத்தி பின் ஒருத்தியாக ஏறினார்கள். நாலெட்டு வைத்ததும் ஒவ்வொருத்தியாகப் பனிக்குள் காணாமல் போனார்கள். அவர்களுக்கு எதிரே இன்னொரு லாரி இறங்கலாம். அவன் ஜீப்புக்குள் கைநீட்டி ஹாரனை அமுக்கினான். அந்த வண்டியில் சாவி இல்லாமலும் வேலை செய்த ஒரே உறுப்பு அதுதான். உள்ளங்கையில் அதிர்வு ஏறியது. சத்தம் மேலே போகிறதா, யாராவது பதில் கொடுக்கிறார்களா, எதுவும் தெரியவில்லை. கையை எடுக்காமல், வெள்ளையைப் பார்த்தபடி அமுக்கிக்கொண்டே நின்றான்.